"இவ்வளவு தூரம் வந்துட்டோமே!": தீவுக் கரைகளில் உயிர் குடிக்கும் மூன்று வார்த்தைகள்

1/
வெளிநாட்டுத் தீவு ஒன்றில் சுற்றுலா போனவரை அலை அடித்துக்கொண்டு போனது என்று செய்தி வந்தால், கீழே வரும் கமெண்ட்டுகள் எப்போதும் ஒரே ரகம்தான்.

"செல்ஃபி மோகம்."
"கொழுப்பு."
"போர்டு வெச்சிருக்காங்கல்ல, படிக்கத் தெரியாதா?"

இந்த த்ரெட் அந்த கமெண்ட்டுகளுக்கு என் பதில். கொஞ்சம் நீளமா இருக்கும். விடுமுறைக்குத் தீவுப் பக்கம் டிக்கெட் போட்டிருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசி வரை படிச்சிடுங்க.

2/
இப்படி இறந்துபோகிறவர்களில் பலர் எந்த சாகசமும் செய்யவில்லை. முழங்கால் அளவு தண்ணீரில் நின்றிருப்பார்கள். கடலுக்கு முதுகு காட்டிக் குழந்தையைப் போட்டோ எடுத்திருப்பார்கள். திரும்பி வரும் வழியில் ஓர் ஓடையைக் கடந்திருப்பார்கள்.

நீங்களும் நானும் செய்யக்கூடியதுதான். அதனால்தான் இதைத் "திமிர்" என்று ஒதுக்கிவிடுவது ஆபத்து. "நான் அந்த மாதிரி ஆள் இல்லை, எனக்கு நடக்காது" என்று மனசு சமாதானம் ஆகிவிடும்.

3/
என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆள் அரவமற்ற தீவுக் கரையில் சிகிச்சை என்று ஒன்று கிடையாது. ஆஸ்பத்திரி தூரம், ஆம்புலன்ஸ் தூரம், போன் சிக்னல் கூட தூரம். அங்கே இருக்கும் ஒரே மருந்து, "திரும்பிடலாம்" என்ற முடிவு. அந்த மருந்தைச் சாப்பிட விடாமல் தடுப்பது மூன்றே வார்த்தைகள்: "இவ்வளவு தூரம் வந்துட்டோமே!"

4/
பொதுவாகப் பேசினால் மனதில் நிற்காது. ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம்: ஹவாய் தீவுக்கூட்டத்தில் உள்ள கவாய் தீவின் வடகரை.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் லீவு கிடைத்தால் போகும் இடங்களில் ஹவாய் முக்கியமானது. அது தவிர இன்னொரு காரணமும் உண்டு. கடல், மலை, ஓடை, மழை என்று நாலு ஆபத்தும் அங்கே சில கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன.

5/
கவாய் வடகரையில் தார்ச்சாலை கேயே என்ற கடற்கரையோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் நா பாலி கரை. (இந்தோனேசியாவின் பாலி வேறு, இது வேறு.) கடலில் இருந்து செங்குத்தாக எழும் பச்சை மலைச்சுவர்கள், சில இடங்களில் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். சாலை போட முடியாத பூமி.

உள்ளே போக கலலாவ் என்ற ஒற்றையடிப் பாதை உண்டு. மொத்தம் 11 மைல், அதாவது சுமார் 18 கிலோமீட்டர். முதல் 2 மைலில் ஹனகாபியாய் என்ற கடற்கரை. அங்கிருந்து பள்ளத்தாக்கில் இன்னும் 2 மைல் ஏறினால் ஓர் அருவி. பகலில் போய்விட்டு வரும் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் இந்த இரண்டு இடத்துக்குத்தான் போவார்கள்.

6/
இப்போது ஒரு கணக்கு.

தண்ணீரில் மூழ்கி மூச்சு நின்றவரின் மூளை, ஆக்சிஜன் இல்லாமல் நாலு முதல் ஆறு நிமிடத்தில் சேதமாகத் தொடங்கும்.

ஹனகாபியாயில் ஒருவர் மூழ்கினால்? அங்கே லைஃப்கார்டு இல்லை. போன் சிக்னல் இல்லை. ஒருவர் சேற்றுப் பாதையில் 2 மைல் ஓடிவந்து தகவல் சொல்ல வேண்டும். ஹெலிகாப்டர் கிளம்ப வேண்டும். மேகம் இறங்கிவிட்டாலோ இருட்டிவிட்டாலோ அதுவும் வர முடியாமல் போகலாம். சாலை முடியும் கேயேயில் இருந்தே லிஹுவே ஊரின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

நாலு நிமிடம் எங்கே, இந்த நேரம் எங்கே? உலகத்திலேயே சிறந்த டாக்டர் லிஹுவேயில் தயாராக உட்கார்ந்திருந்தாலும் இந்த இடைவெளியை அவரால் நிரப்ப முடியாது.

7/
இன்னொரு விஷயம். மூழ்குகிறவர் சினிமாவில் வருவது போல "காப்பாத்துங்க"ன்னு கத்த மாட்டார்.

வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த ஒரு நொடியில் உடம்பு மூச்சு இழுக்கத்தான் பார்க்கும். கத்துவதற்குக் காற்று மிச்சம் இருக்காது. கையை ஆட்டவும் முடியாது. கைகள் தானாகவே தண்ணீரைக் கீழே அமுக்கிக்கொண்டிருக்கும். தலை பின்னால் சாய்ந்து, உடம்பு நெட்டுக்குத்தலாக, ஏணி ஏறுவது போல இருக்கும். பெரியவர்களே இப்படி 20 முதல் 60 நொடி வரைதான் தாக்குப்பிடிப்பார்கள்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு அவர் விளையாடுவது போலத் தோன்றும். பத்தடி தூரத்தில் அப்பா அம்மா நின்றிருந்தும் குழந்தை மூழ்குவது இப்படித்தான். சத்தமே வராது.

8/
சரி, கடலுக்கு வருவோம். "வானம் நீலமா இருந்துச்சு, காத்துகூட இல்ல, திடீர்னு எங்கிருந்தோ ஒரு அலை வந்துச்சு" என்று பிழைத்தவர்கள் சொல்வார்கள். பொய் இல்லை.

குளிர்காலத்தில் வட பசிபிக்கில் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி எங்கோ புயல் அடிக்கும். அதன் அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து, ஹவாயின் வடகரைகளில் வந்து மோதும். புயல் வராத ஊரில் புயலின் அலை. தலைக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

இந்த அலைகள் சீராக வருவதில்லை, தொகுப்புத் தொகுப்பாக வரும். பத்துப் பதினைந்து நிமிடம் குளம் போல இருந்துவிட்டு, நாலைந்து ராட்சத அலைகள் வரிசையாக வரும். அந்த அமைதியான பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்தவர் என்ன முடிவு செய்வார்? "கடல் இன்னிக்கு அமைதியாத்தான் இருக்கு." அவர் முட்டாள் இல்லை. அவர் பார்த்த நேரம் போதவில்லை.

9/
இதற்குச் சரியான உதாரணம், அதே வடகரையில் பிரின்ஸ்வில் பக்கம் இருக்கும் குயின்ஸ் பாத். எரிமலைக் குழம்பு உறைந்த பாறைத் தட்டில் இயற்கையாக அமைந்த கடல்நீர்த் தொட்டி. கோடையில் கண்ணாடித் தண்ணீர். இணையத்தில் நீங்கள் பார்க்கும் போட்டோ எல்லாம் அந்த நாட்களில் எடுத்தது.

குளிர்காலத்தில் அதே பாறைத் தட்டின் மேல் அலை ஏறி, நிற்பவரை உள்ளே வாரிப் போட்டுவிடும். திரும்ப ஏற வழி கிடையாது. கூரான பாறை, அதில் மோதும் அலை. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. இடுப்பு உயரத்துக்கு ஓர் அலை வந்தாலே உங்கள் மேல் மோதுவது ஒரு சின்னக் கார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அலை பெரிதாக இருக்கும் காலத்தில் நிர்வாகம் அங்கே கதவைப் பூட்டி வைக்கும். அப்படியும் சுற்றிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். ஏன்? இவ்வளவு தூரம் வந்துட்டோமே!

10/
"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் ஊர்ப் பழமொழி. குளத்துக்கும் கிணற்றுக்கும் அது சரி.

இந்தக் கரைகளில் ஆழத்தைப் பார்த்துப் பயனில்லை. ஹனகாபியாயில் அலையைத் தடுக்க வெளியே பவளப்பாறைத் திட்டு கிடையாது. திறந்த கடல் நேராகக் கரையில் மோதும். மோதிய தண்ணீர் திரும்பிப் போகும்போது முழங்கால் அளவில் நிற்பவரின் காலடி மணலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். உள்ளே இழுபட்டுவிட்டால் இரண்டு பக்கமும் மலைச்சுவர். மறுபடி கரையேற இடம் பல கிலோமீட்டர் தள்ளித்தான்.

அங்கே மரப்பலகை ஒன்று பல வருஷம் நின்றது. கண்ணுக்குத் தெரியாத நீரோட்டங்கள் பலி கொண்டவர்களின் எண்ணிக்கையைக் கோடு கோடாக அதில் செதுக்கியிருந்தார்கள். நாலு கோடு, குறுக்கே ஒன்று. நம்ம ஊர் பால்காரர் கணக்கு மாதிரி. பல பேர் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, அப்படியே தண்ணீருக்கு நடந்தார்கள்.

11/
"டாக்டர், எனக்கு நல்லா நீச்சல் தெரியுமே?"

எங்கே கற்றீர்கள்? கிணற்றிலா, அபார்ட்மென்ட் நீச்சல் குளத்திலா? அங்கே தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடலில் கரையில் இருந்து உள்நோக்கிப் பாயும் இழுப்பு இருக்கிறதே, ரிப் கரண்ட் என்பார்கள், அது வேகம் எடுத்தால் நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் போகும். ஐம்பது மீட்டர் ஓட்டத்தில் ஒலிம்பிக் வீரர் நீந்தும் வேகம் கிட்டத்தட்ட அதுதான். அவரே எதிர்த்து நீந்தினால் நின்ற இடத்தில்தான் இருப்பார்.

மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது: எதிர்த்து நீந்தக் கூடாது. மல்லாந்து மிதந்து மூச்சைக் காப்பாற்றுங்க. கையைத் தூக்கி உதவி கேளுங்க. தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வாங்க. இந்த இழுப்பு உங்களை அடியில் அமுக்காது, தூரமாகத்தான் கொண்டுபோகும். எதிர்த்துப் போராடிக் களைத்துப்போவதில்தான் பலருக்கு உயிர் போகிறது.

ஜீன்ஸ், புடவை, துப்பட்டாவோடு "சும்மா கால் நனைக்கிறேன்" என்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். நனைந்த துணி காலைச் சுற்றிக்கொள்ளும். விழுந்தவர் எழுவதற்குள் அடுத்த அலை வந்துவிடும்.

12/
அமைதியான கடலில் நடக்கும் சாவு ஒன்று உண்டு. ஹவாயில் விபத்துகளில் இறக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கு மூழ்குதல்தான் முதல் காரணம். அதில் பெரிய பங்கு ஸ்நார்க்கல் போடுகிறவர்கள். முகமூடி, வாயில் குழாய் மாட்டிக்கொண்டு குப்புற மிதந்து மீன் பார்ப்பது.

இதைப் பற்றி ஹவாயில் ஓர் ஆய்வு நடந்து 2021ல் அறிக்கை வந்தது. இறந்தவர்களில் பலர் கை கால் உதறவே இல்லை. தண்ணீரைக் குடித்து மூழ்குவதற்கு முன்பே நுரையீரலில் நீர் கோத்து ஆக்சிஜன் குறைந்திருக்கலாம் என்பது அந்த ஆய்வின் முக்கியமான கருத்து. குழாய் வழியாக இழுத்து இழுத்து மூச்சு விடும்போது மார்புக்குள் அழுத்தம் குறையும். ரத்தக் குழாயில் இருக்கும் நீர் நுரையீரலுக்குள் கசியும். இதய நோய் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். நீண்ட விமானப் பயணமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால், வந்து இறங்கிய உடனே தண்ணீரில் இறங்காமல் சில நாள் பொறுங்கள் என்றும் சொல்கிறார்கள்.

நாற்பது வயதைத் தாண்டியவர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், ஸ்டென்ட் வைத்தவர் இதைக் கவனிங்க. நீச்சல் அடித்த களைப்பை மீறி மூச்சு வாங்கினால் உடனே குழாயைத் துப்பிவிட்டு, மல்லாந்து, கரைக்கு வாங்க. கால் எட்டும் ஆழத்திலேயே பழகுங்க. தனியாகப் போகாதீங்க.

13/
கரையோரத்தில் அலை செங்குத்தாக எழுந்து தரையில் அறையும் இடங்களும் உண்டு. ஓஆஹு தீவின் சாண்டி பீச் இதற்குப் பேர் போனது. அலை ஆளைத் தூக்கித் தலைகீழாக மணலில் குத்தும். கழுத்தெலும்பு உடைந்து தண்டுவடம் நசுங்கும். ஹவாயில் இப்படித் தண்டுவடம் அடிபட்டு வருபவர்களில் பெரும்பாலோர் வெளியூர் ஆண்கள், அதிலும் நடுத்தர வயதுக்காரர்கள். இடுப்பளவு தண்ணீர்தானே என்று நின்றவர்கள்.

மூழ்குவதற்குப் பயப்படுகிற நாம் இதற்குப் பயப்படுவதே இல்லை. ஒரு நொடி அலை. மிச்ச வாழ்க்கை சக்கர நாற்காலி.

14/
இனி ஓடை. என்னைக் கேட்டால் கடலை விட இதுதான் நயவஞ்சகம்.

கவாயின் நடுவே இருக்கும் வயலேயலே மலை உலகத்தில் அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. மேலே கொட்டும் மழை சிறு பள்ளத்தாக்குகள் வழியாகக் கடலுக்கு ஓடி வரும். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி மழை இருக்காது. ஆனால் ஓடை சில நிமிடங்களில் கணுக்காலில் இருந்து மார்பு வரை ஏறும்.

2018 ஏப்ரல் 14, 15 தேதிகளில் இந்த வடகரையின் வைபா என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,262 மில்லிமீட்டர் மழை பதிவானது. அமெரிக்காவின் சாதனை அளவு. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுதான். நம்ம ஒரு வருஷ மழையில் பெரும்பகுதி அங்கே ஒரே நாளில்!

15/
வேகமாக ஓடும் தண்ணீர் பதினைந்து சென்டிமீட்டர் இருந்தாலே பெரிய ஆளைச் சாய்த்துவிடும். ஹனகாபியாய் ஓடை கடற்கரைக்குச் சற்று முன்புதான் குறுக்கே வரும். வழுக்கும் பாறை. சாய்ந்தால் அடுத்த நிறுத்தம் கடல்.

போகும்போது குதித்துத் தாண்டிய அதே ஓடை, திரும்பும்போது பொங்கிக்கொண்டிருக்கும். கார் அந்தப் பக்கம், ராத்திரி ஃபிளைட். "கயிறு கட்டிப் போயிடலாம்", "கையைக் கோத்துக்கிட்டுப் போயிடலாம்" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்.

2014 ஏப்ரலில் இப்படி வெள்ளத்தில் மாட்டிய 121 பேரை இந்தப் பாதையில் இருந்து மீட்டார்கள். ஓடைக்கு அந்தப் பக்கமே தங்கினால் குளிரும், பசிக்கும், ஃபிளைட் போகும். உயிர் போகாது. இந்த ஓடைகள் ஏறிய வேகத்திலேயே வடிந்தும் விடும். காத்திருப்பதுதான் சிகிச்சை.

16/
மலைப்பாதை பற்றிச் சுருக்கமாக. ஹனகாபியாய் அருவி வரை போய் வந்தால் 8 மைல், சுமார் 13 கிலோமீட்டர். மெரினாவில் நடக்கும் 13 கிலோமீட்டர் அல்ல இது. சேறு, வேர், ஏற்ற இறக்கம். "வாக்கிங் போற பழக்கம் இருக்கு" என்பது இதற்குப் போதாது.

ரப்பர் செருப்பு வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டராவது தண்ணீர். ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்காதீங்க. மதியத்துக்கு மேல் கிளம்பாதீங்க. பிரஷர், சுகர் மாத்திரையும், சுகர் இறங்கினால் சாப்பிட மிட்டாயும் பையில் இருக்கட்டும். ஒரு டார்ச். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஹோட்டலில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்க.

17/
ஊருக்குத் திரும்பிய பிறகும் ஒரு விஷயம் பாக்கி. ஓடையிலும் அருவிக் குட்டையிலும் குளித்தவர்களுக்கு எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ், வரலாம். அமெரிக்காவில் ஹவாயில் இது அதிகம். விலங்குகளின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் காலில் உள்ள சின்னக் காயம் வழியாகப் போதும்.

பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில், சில சமயம் ஒரு மாதம் கழித்துக்கூட, காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், டாக்டரிடம் "தீவுக்குப் போனேன், ஓடையில் இறங்கினேன்" என்று சொல்லுங்க. அந்த ஒரு வரி சரியான ஆன்டிபயாட்டிக்கைச் சீக்கிரம் தொடங்க வைக்கும். சொல்லாவிட்டால் வைரல் காய்ச்சல் என்று நாள் போகும், கிட்னி வரை போகலாம்.

18/
இப்போது அந்த மூன்று வார்த்தைகளுக்கு வருவோம்.

2018 வெள்ளத்துக்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் மூடிக்கிடந்த ஹாயெனா பூங்கா, 2019 ஜூனில் திறந்தபோது ஒரு நாளைக்கு 900 பேர் என்று வரம்பு வைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் முன்பதிவு செய்தே ஆக வேண்டும். நல்ல முடிவு. கூட்டம் குறைந்தது, சாலை மூச்சு விட்டது.

ஆனால் இதில் ஒரு பக்கவிளைவு இருப்பதாக நான் நினைக்கிறேன். வாரக்கணக்கில் முன்பே பதிவு செய்து, "வியாழக்கிழமை காலை ஏழு மணி" என்று கையில் டிக்கெட் வைத்திருக்கும் குடும்பம், அந்த வியாழக்கிழமை மழை பெய்தால் என்ன செய்யும்? விமானச் செலவு, ஹோட்டல், கார், இந்த டிக்கெட். எல்லாம் சேர்ந்து முதுகில் கை வைத்துத் தள்ளும். அலைக்கு உங்கள் டிக்கெட் தேதி தெரியாது.

19/
போன பணம் போனதுதான். நீங்கள் ஓடையைக் கடந்தாலும் அது திரும்பி வராது, கடக்காவிட்டாலும் வராது. மூளைக்கு இது புரியும், மனசுக்குப் புரியாது. அதுவும் பிள்ளைகள் ஏமாற்றமாகப் பார்க்கும்போது, கூட வந்த நண்பர் குடும்பம் முன்னே நடக்கும்போது, "வேண்டாம்" என்று சொல்கிறவர் கோழையாகத் தெரிவார்.

அதனால் அந்த முடிவைக் கரையில் போய் எடுக்கக் கூடாது. முந்தின நாள் ராத்திரி, ஹோட்டல் அறையில், சாப்பிட்டு முடித்துவிட்டு நிதானமாக எடுக்க வேண்டும்.

20/
ராத்திரி எடுக்க வேண்டிய முடிவுகள்:

அ) நாளைய அலை எச்சரிக்கையும் திடீர் வெள்ள எச்சரிக்கையும் பார்ப்போம். இரண்டில் ஒன்று இருந்தாலும் போக மாட்டோம். இன்னொரு இடத்தை இப்போதே யோசித்து வைப்போம்.
ஆ) குளிப்பது என்றால் லைஃப்கார்டு இருக்கும் கரையில் மட்டும். இறங்கும் முன் அவரிடம் "இன்னிக்கு எப்படி?" என்று கேட்போம்.
இ) பாறைத் தட்டுக்குப் போனால் முதலில் தூரத்தில் நின்று இருபது நிமிடம் பார்ப்போம். பாறை ஈரமாக இருக்கிறதா? அப்படியென்றால் அலை அங்கே வரை வருகிறது.
ஈ) ஓடை முழங்காலைத் தொட்டாலோ, கலங்கி ஓடினாலோ கடக்க மாட்டோம்.
உ) கடலுக்கு முதுகு காட்டிப் போட்டோ கிடையாது.
ஊ) கூட்டத்தில் ஒருவர் "வேண்டாம்" என்றால், அவர் பத்து வயசுப் பிள்ளையாக இருந்தாலும் எல்லோரும் திரும்புவோம். காரணம் கேட்க மாட்டோம்.

கடைசி விதிதான் முக்கியம்.

21/
அப்படியும் ஒருவர் உள்ளே போய்விட்டார் என்றால்?

குதிக்காதீங்க. கல்நெஞ்சம் என்று திட்டுவீர்கள், பரவாயில்லை. மகனைக் காப்பாற்ற அப்பா, தங்கையைக் காப்பாற்ற அண்ணன் என்று ஒரு சாவு இரண்டாவது இப்படித்தான். பதறிக்கொண்டிருப்பவர் உங்கள் தோளைப் பிடித்து ஏறுவார். அது அவர் தவறு இல்லை, உடம்பின் இயல்பு.

மிதக்கும் எதையாவது வீசுங்க. கூல் பாக்ஸ், மூடிய காலி வாட்டர் கேன், பாடி போர்டு. கவாய் கரைகள் பலவற்றில் கம்பத்தில் மீட்பு மிதவை தொங்கும். வந்ததும் அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வைங்க. ஒருவர் விரல் நீட்டி அவரையே பார்த்துக்கொண்டு நிற்கட்டும், இன்னொருவர் உதவிக்கு ஓடட்டும். கண்ணை எடுத்தால் அலைக்கு நடுவே தலையை மறுபடி கண்டுபிடிக்க முடியாது.

22/
கரைக்குக் கொண்டுவந்த பிறகு, நம் ஊரில் பரம்பரையாகச் செய்யும் தவறுகள் சில. வயிற்றை அமுக்குவது. தலைகீழாகத் தூக்குவது. தோளில் போட்டுச் சுற்றுவது. எதுவுமே வேண்டாம். வெளியே வருவது வயிற்றுத் தண்ணீர். அது மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். பொன்னான நிமிடங்களும் போகும்.

மல்லாக்கப் படுக்க வைங்க. கூப்பிட்டுப் பாருங்க. அசைவில்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால் முதலில் மூச்சு கொடுங்க. தலையைச் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து, நெஞ்சு உயரும்படி இரண்டு முதல் ஐந்து மூச்சு. பிறகு நெஞ்சின் நடுவே வேகமாகவும் ஆழமாகவும் 30 அழுத்தம், 2 மூச்சு, 30 அழுத்தம், 2 மூச்சு. உதவி வரும்வரை நிறுத்தாதீங்க.

மாரடைப்புக்கு நெஞ்சை மட்டும் அமுக்கினால் போதும் என்று படித்திருப்பீர்கள். மூழ்கியவருக்கு அது போதாது. அவருக்கு இல்லாமல் போனது காற்று. வாயில் நுரை வந்தால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டாம், அதன் மேலேயே மூச்சு கொடுங்க.

தானே எழுந்து உட்கார்ந்துவிட்டாலும், இருமலோ மூச்சு வாங்கலோ குழப்பமோ இருந்தால் கட்டாயம் ஆஸ்பத்திரி. நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்து முற்றலாம்.

23/
"ஹவாய்க்கெல்லாம் நாங்க எங்க போறோம் டாக்டர்?" என்பவர்களுக்கு: பாலிக்குப் போவீர்கள் இல்லையா? பக்கத்தில் நூசா பெனிடா தீவில் ஏஞ்சல்ஸ் பில்லபாங் என்று ஒரு பாறைத் தொட்டி இருக்கிறது. குயின்ஸ் பாத்தின் சொந்தக்காரர். அங்கேயும் அமைதிக்கு நடுவே அலை ஏறும். அதே தீவின் கெலிங்கிங்கில் செங்குத்தான படி இறங்கினால் கீழே இழுப்புள்ள கடல். ஐஸ்லாந்தின் ரெய்னிஸ்ஃபியாரா கறுப்பு மணற்கரையில் உலர்ந்த மணலில் நின்றவரையே அலை வந்து கூட்டிப்போயிருக்கிறது.

ஊர் வேறு, தண்ணீர் ஒன்றுதான். விதிகளும் அதே ஆறுதான்.

24/
அரசாங்கமும் ஹோட்டல்களும் போர்டு வைத்ததோடு கடமை முடிந்தது என்று இருக்கக் கூடாது என்பதும் என் கருத்து. விமானத்தில் சீட் பெல்ட் போடச் சொல்லித் தருகிறார்கள் அல்லவா, அதே போலத் தீவில் இறங்கும் முன் இரண்டு நிமிடம் கடலைப் பற்றிச் சொல்லலாம். மழை எச்சரிக்கை வந்த நாளுக்குப் பதிவு செய்தவருக்கு வேறு தேதியைத் தானாகவே கொடுக்கலாம். திரும்பிப் போவதை நஷ்டம் இல்லாததாக ஆக்கினால் நிறைய பேர் திரும்புவார்கள்.

அதுவரை, "திரும்பிடலாம்" என்று முதலில் சொல்லும் ஆளாக நீங்கள் இருங்க. அன்றைக்கு எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். நீங்கள் காப்பாற்றியது யாருக்கும் தெரியாது, உங்களுக்குமே தெரியாது. எங்கள் தொழிலில் தடுப்பூசிக்கும் அதே கதிதான்.

25/
அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வரும்போது "கொழுப்பு" என்று எழுதும் முன் ஒரு நிமிடம். அந்தக் குடும்பத்தில் யாரோ ஒருவர் மனசுக்குள் "வேண்டாம்" என்று நினைத்திருப்பார், சொல்லத் தயங்கியிருப்பார்.

லீவுக்கு டிக்கெட் போட்டிருக்கும் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இருபதாவது பதிவை மட்டுமாவது போட்டு வைங்க. போயிட்டு, பத்திரமா வாங்க.